புளி போட்டுத் தேய்த்த ஐம்பது பென்ஸ்

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடத்தினார்கள். சால்வை, சந்தன மாலை, சுவர்க் கடிகாரம் என்று, வங்கியில் தலை நரைத்தவருக்குச் செய்கிற எதையும் பிரசாத் சார் விட்டுவைக்கவில்லை. "வேலைய விட்டு மரியாதையா போறவங்க எல்லாம் ரிட்டயர்டுதான், அம்மாயி. வயசு உன் சொந்த விஷயம்" என்றார். அம்மாயி என்றால் அவருடைய தெலுங்கில் பொண்ணு.

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இருக்கிறது அவருடைய காசுக் கடை. வெளிநாட்டுக் காசுகளைப் பரிசோதித்துத் தரம் எழுதுவது என் வேலை. இப்போது ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்துக்குப் போகிறேன். அங்கே வரும் உலோகத்தில் ராணியும் இருக்க மாட்டார், ராஜாவும் இருக்க மாட்டார். என் நாற்காலியில் இரண்டு பெண்களும் ஒரு போனும் உட்கார்ந்திருக்கிறார்கள். காசைப் படம் எடுத்தால் போதும். நாடு, வருடம், விலை மூன்றையும் போன் சொல்லிவிடுகிறது. அந்தப் பெண்கள்தான் காசு சேகரிப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். "போன் சொல்லாததா பாத்து எழுதுங்கக்கா" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள்.

நான் உலோகவியல் டிப்ளமோ படித்தவள். முதல் வேலை சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில். டப்பாவின் மூடியும் உடம்பும் சேரும் மடிப்பை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். மாம்பழ சீசன் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். இரண்டாவது சீசன் முடிந்ததும் பிரசாத் சாரின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். நேர்காணலில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிரிட்டிஷ் ஐம்பது பென்ஸைக் கையில் கொடுத்து, குறுக்களவு எடுக்கச் சொன்னார். ஏழு மூலை உள்ள காசு. ஒரு பக்கம் வைத்து அளந்தேன், திருப்பி வைத்து அளந்தேன், இன்னொரு முறை திருப்பினேன். எப்படி வைத்தாலும் ஒரே அளவுதான் வந்தது.

"சார், இது வட்டமில்ல. ஆனா வட்டம் மாதிரி நடந்துக்குது" என்றேன்.

"திங்கக்கெழம வந்துடு" என்றார்.

கவுண்டருக்கு வரும் பிரிட்டிஷ் நினைவுக் காசுகளை நான் ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது.

முதலாவது கிரவுன். உள்ளங்கை நிறையும் பெரிய காசு. ராணி பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்கு ஒன்று, இளவரசர் கல்யாணத்துக்கு ஒன்று என்று அடித்தார்கள். இங்கே அதைப் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவருவார்கள், வெள்ளி என்று. வெள்ளியிலும் கொஞ்சம் அடித்தார்கள்தான். ஆனால் எங்கள் கவுண்டருக்கு வருவதெல்லாம் செம்பும் நிக்கலும். கோடிக் கணக்கில் அடித்ததால் சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. இதில் இன்னொரு சிக்கல், அந்தக் காசின் மேல் எவ்வளவு என்றே எழுதியிருக்காது. "இன்னாங்க, விலையே போடல?" என்று கேட்பார்கள். "கல்யாணப் பத்திரிகைல யாராவது விலை போடுவாங்களா?" என்பார் பிரசாத் சார்.

இரண்டாவது, படத்தை நம்பி வருகிறவை. மரபணுவின் முறுக்கிய ஏணியைப் போட்டு ஒரு இரண்டு பவுண்ட் காசு உண்டு. காளஹஸ்திப் பக்கத்திலிருந்து ஒருவர் அதை வெற்றிலையில் வைத்து எடுத்துவந்தார். பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு பாம்புகள், ராகு கேது காசு என்று சொல்லி தினமும் பால் ஊற்றியிருக்கிறார். இது பாம்பு இல்லை, நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் இருக்கிற சங்கதி, அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்று படம் வரைந்து விளக்கினேன்.

"அப்ப பாட்டன் செஞ்ச தோஷம் பேரனுக்கு வருதே, அது இது வழியாத்தான் வருதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வகைல ஆமாங்க" என்றேன்.

"நான் கும்புட்டதுல தப்பே இல்ல" என்று காசைத் திரும்ப வெற்றிலையில் மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது வகை வரிசைக் காசுகள். லண்டன் ஒலிம்பிக்குக்கு விளையாட்டுக்கு ஒன்றாக இருபத்தொன்பது ஐம்பது பென்ஸ் வந்தது. ஒன்று கையில் கிடைத்தவர் மீதி இருபத்தெட்டுக்கு அலைய வேண்டும். சேகரிப்பின் தந்திரமே அதுதான். அதில் கால்பந்துக் காசு ஆஃப்சைடு விதியைப் படம் போட்டு விளக்குகிறது. பிரசாத் சார் அதை வைத்து எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தார். யாருக்கும் புரியவில்லை. விற்பனை மட்டும் நடந்தது.

நான்காவது, கியூ. லண்டனில் கியூ என்ற இடத்துத் தாவரத் தோட்டத்துக்கு இருநூற்றைம்பது வயது ஆனபோது, 2009இல், அங்கே நிற்கும் சீனப் பாணிக் கோபுரத்தைப் போட்டு ஓர் ஐம்பது பென்ஸ் அடித்தார்கள். அடுக்கு அடுக்கான கோபுரம், அதைச் சுற்றி ஏறும் ஒரு கொடி, அடியில் கியூ என்று மூன்று ஆங்கில எழுத்து. புழக்கத்துக்குக் குறைவாக விட்டதால் எல்லாருக்கும் அது வேண்டும். எல்லாருக்கும் வேண்டும் என்பதால் போலிகளும் வந்தன. பத்து வருடம் கழித்து, 2019இல், சேகரிப்பவர்களுக்கான பெட்டித் தொகுப்புக்காக, காசு அடிக்கும் அக்கசாலையே அதே கோபுரத்தை மறுபடி அடித்தது. இது போலி இல்லை, ஆனால் கடையில் சில்லறையாகக் கிடைக்கவும் கிடைக்காது. கோபுரப் பக்கம் இரண்டிலும் ஒன்றுதான். ராணி பக்கம் திருப்ப வேண்டும். பழையதில் மெல்லிய கிரீடம் வைத்த ராணி; வயது ஏற ஏறக் காசுக்கு மாற்றிச் செதுக்கிய முகங்களில் அது நான்காவது. புதியதில் வேறு கிரீடம், காதில் தொங்கும் கம்மல், ஐந்தாவது முகம், கீழே 2019. படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் கோபுரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

ஐந்தாவது வகையைப் பிறகு சொல்கிறேன்.

பிரசாத் சார் காசைத் தொடும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிக் கிண்ணத்தில் போடுவார். பச்சைத் துணி விரித்த தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைப்பார். காசை விளிம்பில் மட்டும் பிடித்து எடுப்பார். பிறகு, "எவ்ளோ எதிர்பாக்கறீங்க?" என்று கேட்க மாட்டார். "யாரு குடுத்தாங்க?" என்பார். யார் கொடுத்தது என்று தெரிந்தால்தான் எந்தக் குரலில் பேசுவது என்று தெரியுமாம். போலி என்ற சொல் எங்கள் கவுண்டரில் தடை. "டூப்ளிகேட்னு சொன்னா அவங்க வீட்டு மனுஷனயே சொன்ன மாதிரி ஆயிடும். வேற ஊர்ல பொறந்துச்சுனு சொல்லு" என்பார். எனக்கு அவர் போட்ட விதி ஒன்றுதான். காசு சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும், காசு சொல்லாததைச் சொல்லக் கூடாது.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன்.

ஒரு ஏப்ரல் மதியம், நகரிப் பக்கத்து விவசாயி முனிரத்தினம், அவர் மனைவி ஜெயம்மா, மூத்த மாப்பிள்ளை யுவராஜ் மூவரும் மாடி ஏறி வந்தார்கள். மாலை தரிசனத்துக்கு டோக்கன் போட்டிருந்தார்கள். கீழே கார் நின்றது. ஜெயம்மா முந்தானையிலிருந்து ஊக்கு குத்திய ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"யாரு குடுத்தாங்க மா?" என்றார் பிரசாத் சார்.

"பொண்ணு. எளைய பொண்ணு, சுகுணா. இங்கிலாந்துல நர்சா கீறா" என்றார் ஜெயம்மா.

கதை இதுதான். சுகுணாவுக்கு விசா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தபோது ஜெயம்மா வேண்டிக்கொண்டார். மகள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அவள் கைக்கு வரும் முதல் காசு ஏழுமலையான் உண்டியலுக்கு. அது உண்டியலில் விழும்வரை தான் மாம்பழம் தொடுவதில்லை. வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. இரண்டு சீசன் போய்விட்டது, மூன்றாவது வரப்போகிறது. தோழி ஒருத்தி வழியாகச் சுகுணா அனுப்பிய காசு வீட்டுக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. தரிசன டோக்கன் கிடைத்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் யுவராஜ் அதைப் போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்.

"ரேர் பீஸ் மேடம். கியூ. நெட்ல அவன் அவன் அடிச்சிக்கினு கீறான்" என்றார் என்னிடம். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு ஐம்பது பென்ஸை எடுத்துக் காட்டினார். சாதாரணக் காசு, வேறு யாரிடமோ வாங்கியிருக்கிறார். "இத உண்டியல்ல போட்டுடலாம்னு சொல்றேன். ரெண்டும் ஒரே சைஸ், ஒரே வெயிட்டு. சாமிக்கு இன்னா வித்தியாசம்?"

"வேண்டிக்கினது நானு மாப்ள. வாக்கு குடுத்தது சாமி இல்ல, என் நாக்கு" என்றார் ஜெயம்மா.

"மாப்ள சொல்றதயும் ஒருக்கா பாத்துட்டு போயிடலாம்னுதான் வந்தோம் பாப்பா" என்றார் முனிரத்தினம், இரண்டு பக்கமும் பார்க்காமல் என்னைப் பார்த்து. "நீ படிச்ச பொண்ணு. பாத்து சொல்லு."

முடிச்சை அவிழ்த்தேன். எடை பார்த்தேன், சரி. மூன்று பக்கம் வைத்து அளந்தேன், சரி. காந்தம் ஒட்டவில்லை, சரி. பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, லூப் என்கிற சின்ன பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காசு முழுக்க மெல்லிய வட்ட வட்டக் கோடுகள். கொடியின் ஓர் இலை மேல் குறுக்கே ஒரு கீறல், ஊக்கு முனை பட்டது. கியூ என்பதன் நடு எழுத்து இடுக்கில் மஞ்சள்.

"அம்மா, இத கழுவுனீங்களா?"

"பின்ன? பூஜைல கீதில்ல, கோபுரம் போட்ட காசு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புளி போட்டு நாருல நல்லா தேய்ச்சி வெப்பேன். வெளக்கு எப்பிடியோ அப்பிடித்தான் அதுவும்" என்றார் ஜெயம்மா பெருமையாக.

யுவராஜ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவர் நெட்டில் அதையும் படித்திருந்தார். காசு சேகரிப்பவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. அழுக்காக இருந்தாலும் கழுவாதே. தேய்த்த காசை அவர்கள் தொட மாட்டார்கள். உலகத்தில் எங்கெங்கோ காசுகள் சிமெண்ட் தரையில் உரசியும் சாவிக்கொத்தோடு மோதியும் கெடுகின்றன. எங்கள் பக்கம்தான் பக்தியால் கெடுகின்றன.

"அத்தை, ஒரு வாரம் புளி இல்லாம உட்டிருக்கக் கூடாதா?"

"கறுத்துப் போன காச சாமி எதிர்ல வெக்க சொல்றீங்களா?"

நான் ராணி பக்கம் திருப்பினேன். கம்மல் போட்ட ராணி. கீழே 2019.

இந்த இடத்தில் எனக்குக் கை நின்றது. காசு உண்மையானது. ஆனால் பெட்டித் தொகுப்பில் கண்ணாடிபோல் மின்ன அடித்தது. எந்தக் கடைக்காரரும் இதைச் சில்லறையாகக் கொடுத்திருக்க மாட்டார். அப்படியானால் சுகுணாவின் கைக்கு வந்த முதல் காசு இது எப்படி? இதைச் சொன்னால், பெண் எங்கேயோ அழகான காசாகப் பார்த்து வாங்கி அனுப்பிவிட்டாள் என்று ஆகும். வேண்டுதல் அப்படியே நிற்கும். மாம்பழமும் நிற்கும்.

"இன்னா பாப்பா, பாத்துக்கினே கீற?" என்றார் முனிரத்தினம்.

பிரசாத் சாரைப் பார்த்தேன். அவர் கிண்ணத்திலிருந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, விதி தெரியும் அல்லவா, நீயே சொல் என்று அர்த்தம்.

சொன்னேன். காசு நல்ல காசு. தேய்த்துவிட்டதால் சேகரிப்பவர்களுக்கு மவுசு குறைவு. யுவராஜ் நினைத்த 2009 காசு இல்லை, பிறகு அடித்தது. புழக்கத்துக்கு வராதது.

கடைசி வாக்கியத்தை மட்டும்தான் ஜெயம்மா பிடித்துக்கொண்டார். "பொழக்கத்துக்கு வராதுன்னா? கடைல மீதி சில்லறையா தர மாட்டாங்களா?"

"தர மாட்டாங்கமா. பெட்டில வெச்சி விக்கறது."

"அப்ப அவ பொய் சொல்லிட்டாளா?"

"அது காசுல எழுதலங்க" என்றேன்.

ஜெயம்மா மஞ்சள் துணியை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அப்ப நான் மலைக்கு எத எடுத்துக்கினு போறது?" என்றார். யுவராஜ்கூடத் தன் சட்டைப் பையைத் தொடவில்லை.

"போன் பண்ணி கேக்கலாமே. அங்க இப்ப காலைதான்" என்றார் பிரசாத் சார்.

வீடியோ அழைப்பில் சுகுணா வந்தாள். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள், ஜன்னலில் மழை.

"இன்னாமா, இன்னும் மலைக்கு போலயா?"

"போய்க்கினேதான் கீறோம். நீ அனுப்புனியே காசு, அத எங்க வாங்கன?"

"வாங்கலியே."

"வாங்காம எப்பிடி வந்துது? பொட்டில வெச்சி விக்கற காசாமே. இந்தப் பொண்ணு சொல்லுது."

திரையில் சுகுணா என்னைத் தேடினாள். ஜெயம்மா போனைத் திருப்பி என்னைக் காட்டினார். நான் காசை விளிம்பில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். ஏதோ குற்றப் பொருளைக் காட்டுவதுபோல இருந்தது.

"மா, இங்க யாரும் காசே தர மாட்டாங்கமா. பஸ்ஸு, கடை, டீ, எல்லாம் கார்டுதான். தட்டுனா முடிஞ்சிது. சம்பளம் பேங்குல போயிடுது. வந்து எத்தினி மாசம் ஆவியும் என் கையில ஒரு காசு கூட விழல. நீ மாம்பழம் துன்னலன்னு அக்கா சொல்லும்போதெல்லாம் எனக்கு எப்பிடி இருக்கும்? நானா போய் பேங்குல மாத்தி எடுத்தா அது செல்லுமா செல்லாதான்னு வேற தெரியல."

"செல்லாது" என்றார் ஜெயம்மா உடனே.

"தெரியுமே நீ அப்பிடித்தான் சொல்லுவன்னு. எங்க வார்டுல ஒரு பெரியவர் இருந்தாரு. இந்தக் கதைய அவர் கிட்ட சொல்லி சிரிப்பேன். காசு சேக்கறவரு அவரு. வீட்டுக்கு போற அன்னிக்கு, வீட்லேந்து வரவழைச்ச காசுப் பெட்டிலேந்து இத எடுத்து குடுத்தாரு. உங்க ஊரு கோயில் மாதிரி இருக்குது, உங்கம்மாவ மாம்பழம் சாப்ட சொல்லுன்னாரு. நாங்க பேஷண்ட் கிட்ட எதும் வாங்கக் கூடாதும்மா. எங்க ஹெட் சிஸ்டர் கிட்ட கேட்டுட்டுத்தான் வாங்கனேன். இந்த ஊர்ல என் கைக்கு வந்த மொத காசு அதான். இது வரைக்கும் அது ஒன்னுதான்."

ஜெயம்மா போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் கொண்டுவந்து, "துன்னியா நீ?" என்றார்.

"போய்தான் துன்னணும். வை மா."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். "காசு செல்லுமா பாப்பா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அவங்க சொன்னது காசு சொன்னதோட ஒத்துப்போவுது. அது வரைக்கும் சொல்லலாம்."

ஜெயம்மா காசை மஞ்சள் துணியில் வைத்து முடிந்து ஊக்கு குத்தினார். நேரம் ஆகியிருந்தது. எழும்போது யுவராஜ், "குடுங்க அத்தை, கூட்டத்துல எங்கனா உழுந்துடும். நான் வெச்சிக்கறேன்" என்று முடிச்சை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு ஐம்பது பென்ஸ் இருந்த அதே பை. மாடிப்படியில் என்னிடம் மெதுவாக, "போட்டோல தேய்ச்சது அவ்ளோவா தெரியாது இல்ல மேடம்?" என்று கேட்டார்.

"போட்டோல தெரியாது. கையில வாங்கறவருக்குத் தெரியும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

அப்புறம் அவர்கள் வரவில்லை. காசுக் கடைக்கு வேண்டுதலை முடித்தவர்கள் எதற்கு வருவார்கள்? முடிக்காதவர்களும் வர மாட்டார்கள். மாம்பழ சீசனில் பஸ்ஸில் நகரியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏழு மூலைக் காசும், அதே அளவில் இன்னொரு ஏழு மூலைக் காசும் ஒரே சட்டைப் பையில் உரசுவது ஞாபகம் வரும். துணிக்கு மேலே தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அது நான் அளந்து பார்த்த விஷயம்.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு, உண்டியலில் சேர்ந்த வெளிநாட்டுக் காசுகளின் ஏலத்தில் பிரசாத் சார் ஒரு பிரிட்டிஷ் மூட்டையை எடுத்தார். இதுதான் நான் பிறகு சொல்வதாகச் சொன்ன ஐந்தாவது வகை. குங்குமம் ஒட்டியது, கற்பூர வாசம் அடிப்பது, மூலையில் துணி நூல் மாட்டிக்கொண்டது. இவற்றில் சேகரிக்கும் தரத்தில் ஒன்றும் கிடைக்காது. பெரும்பாலும் எடைக்குத்தான் போகும். இருந்தாலும் ஒவ்வொன்றாகப் புரட்டுவது விதி. மூன்றாவது நாள் தட்டில் ஒரு கோபுரம் விழுந்தது.

திருப்பினேன். கம்மல் போட்ட ராணி, 2019. மறுபடி திருப்பி விளக்கைச் சாய்த்தேன். வட்ட வட்டக் கோடுகள். இலைக்குக் குறுக்கே ஊக்குக் கீறல். நடு எழுத்தின் இடுக்கில் மஞ்சள், கொஞ்சம் வெளுத்து.

யுவராஜ் மேல் எனக்கு இருந்த சந்தேகத்துக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பிறகு உறையில் வழக்கம்போல எழுதினேன். ஐம்பது பென்ஸ், கியூ, 2019. குறை என்ற இடத்தில், தேய்க்கப்பட்டது. காசு சொல்வது அவ்வளவுதான்.

பிரசாத் சார் எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா அம்மாயி, தேய்ச்ச காசப் பாத்து சிரிக்கற?"

"ஜெயம்மா மாம்பழம் துன்னுட்டாங்க சார்" என்றேன்.